ஐம்பத்தாறு கிலோ உருளைக்கிழங்கு

செப்டம்பர் 3

இன்றும் மூன்றாவது வளைவில் ஸ்கூட்டர் வண்டி நின்றது. இதில் செய்தி ஒன்றும் இல்லை. ரூபாவதியையும் என்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அந்த வளைவை அது தாண்டியதாக வரலாறு கிடையாது. அங்கே அவள் இறங்கிக்கொள்வாள். நான் வண்டியை உறுமவிட்டுத் தனியாக ஏறுவேன். அவள் பக்கத்துப் படிக்கட்டில் நடந்து, பெரும்பாலும் எனக்கு முன்பே வீட்டுக்குப் போய், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா?” என்பாள்.

இன்று இறங்கினாள், நடக்கவில்லை. வளைவில் இருக்கும் போஜன் வீட்டு மதில்மேல் உட்கார்ந்து, “நீங்க போங்க, நான் மெதுவா வரேன்” என்றாள். நான் போய்ப் பால் காய்ச்சி, அது ஆறி, மறுபடி சூடாக்கிய பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

கோத்தகிரி மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதை வெள்ளைக்காரர் காலத்தில் கோவேறு கழுதைகளுக்காகப் போட்டது. கார் நுழையாது, ஆட்டோ நுழைந்தால் திரும்பாது. சர்வே துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதை போட்டபோது கழுதைகளை யாரும் கலந்து பேசவில்லை.

அவளுக்கு வயிற்றில் வந்திருப்பதற்கு மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். “கொஞ்சம் களைப்பு இருக்கும்” என்றார் டாக்டர். அரசாங்கம் “சிறிய விலை மாற்றம்” என்று சொல்லும் அதே குரல். போவது பிரச்சினை இல்லை, இறக்கம். வருவதுதான். அவள் நடக்காமல் வீடு வந்து சேர வேண்டும். ஆகவே வண்டியைத்தான் மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 5

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் ஷெரீஃபிடம் காட்டினேன். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான், துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல.

“சார், இது டீச்சரம்மா ஒரு ஆளு ஸ்கூலுக்குப் போக செஞ்ச வண்டி. எண்பத்தெட்டு சிசி. ரெண்டு பேரு உக்காந்து உங்க மேட்டுல ஏறணும்னா சாமியக் கும்பிட்டுக்கணும்.”

“நாங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறோம்.”

“எங்க போனாலும் ஏறாது சார். புது வண்டி வாங்குங்க.”

கடைத்தெருவில் புது வண்டிகளையும் பார்த்தேன். எல்லாவற்றின் பின்சீட்டிலும் ஏறி உட்கார ஏணி வேண்டும். ரூபாவதிக்கு இப்போது காலை அவ்வளவு தூக்க வரவில்லை. இந்த வண்டியின் சீட்டு அவள் இடுப்புக்குத் தோதாக இருக்கிறது. மேலும் இது அவள் வண்டி, ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர். அவளிடமிருந்து ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். கற்றுக்கொடுத்தது போதவில்லை என்று இப்போதும் சொல்கிறாள்.

வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவு. யூடியூபில் மலப்புறத்து இளைஞன் ஒருவன் இதைவிடச் சின்ன வண்டிகளை எல்லாம் சிறுத்தையாக மாற்றிக் காட்டுகிறான். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் “ரொம்ப சிம்பிள்” என்கிறான். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் அவன் விரலில் புதிதாக ஒரு பிளாஸ்திரி இருக்கிறது.

செப்டம்பர் 9

கியர் இல்லாத வண்டியில் கியர் மாற்றும் வேலையைச் செய்வது ஆறு சின்ன உருளைகள். ரோலர் என்கிறார்கள். இஞ்சின் சுற்றச் சுற்ற அவை வெளிப்பக்கம் ஒதுங்கி பெல்ட்டைத் தள்ளும்; வண்டி பெரிய கியருக்குப் போகும். ரோலர் கனம் குறைந்தால் தள்ளத் தயங்கும். வண்டி சின்ன கியரிலேயே அதிக நேரம் இருக்கும். மேட்டுக்கு அதுதான் வேண்டும். எத்தனை கிராம் ரோலர் என்பது, சுமக்க வேண்டிய எடையைப் பொறுத்தது.

“ரூபா, நீ எத்தனை கிலோ இருக்க?”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா?”

“ரோலருக்காக.”

“அதானே பாத்தேன்.” தையல் மெஷினில் ரவிக்கை ஒன்றின் பக்கத் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிவிட்டு, “அம்பத்தாறு” என்றாள்.

“எப்பப் பாத்தது?”

“ரிட்டயர் ஆனப்ப. ஸ்கூல் கேம்ப்ல.”

மெஷின் சத்தத்தில் எண் சரியாகக் காதில் விழுந்ததா என்று இன்னொரு முறை கேட்டேன். தலை நிமிராமல் “அம்பத்தாறுதாங்க” என்றாள். எழுதிக்கொண்டேன். பெட்டியில் இருக்கும் எல்லா ரவிக்கைகளையும் பிடிக்கப்போகிறாளாம். நல்ல பொழுதுபோக்கு.

செப்டம்பர் 16

கோயம்புத்தூர் உக்கடத்தில் வாங்கிய இலேசான ரோலர்களைப் போட்டேன். கழற்றிய திருகாணிகளை ரூபாவதி இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் பிரித்து வைத்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளை இப்படித்தான் உட்கார வைத்திருப்பாள்.

“இட்லிக்கு என்ன பண்றது?” என்றேன்.

“இட்லி சாப்பிடறது நீங்க ஒருத்தர்தானே. உங்களுக்கு ஆயில் வாசனை பிடிக்கும்.”

மாலையில் இருவரும் ஏறிப் பார்த்தோம். மூன்றாவது வளைவின் பாதியில் நின்றது. முன்பு வளைவின் தொடக்கத்திலேயே நிற்கும். முன்னேற்றம்.

செப்டம்பர் 25

கோயம்புத்தூர் போய் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் வழி முழுக்க என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கண்டக்டர் மெதுவாகப் பேசினார். கோத்தகிரி பஸ் கண்டக்டர் மெதுவாகப் பேசி நான் கேட்டது இதுவே முதல் முறை.

மூன்றாவது வளைவில் வண்டி முனகியது, நிற்பதுபோல் நடித்தது, நான் இரண்டு காலாலும் தரையை உந்த, தாண்டிவிட்டது. தாண்டிவிட்டது! ரோலர்கள் பழகிவிட்டன. இப்படிப் பழக ஒரு வாரம் பிடிக்கும் என்று மலப்புறத்தான் எங்கும் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தது.

செப்டம்பர் 26

வாந்தி. ரசம் வைத்தேன். அதுவும் நிற்கவில்லை.

அக்டோபர் 4

கிளட்ச்சில் கடினமான ஸ்பிரிங் மூன்று போட்டேன். இஞ்சின் நன்றாக வேகமெடுத்த பிறகே சக்கரத்தைப் பிடிக்கும். இன்று சர்ச் முடிந்து வந்தபோது, நான் கால் ஊன்றாமலே, முனகல் இல்லாமலே, இரண்டு பேருடன் வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டியது. போஜன் மதில் பக்கம் நின்று, மெயின் ரோட்டில் நிறுத்தியிருக்கும் தன் பிக்கப் வண்டிக்குத் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தான். காய்கறி லோடு அடிப்பவன். ஏற்ற இறக்கம் தெரிந்தவன்.

“பாத்தியா போஜா?” என்று கத்தினேன். “ஸ்பிரிங்!”

“சூப்பர் சார்” என்றான். பிறகு பின்சீட்டைப் பார்த்தான். “டீச்சரம்மா, சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடாமலா இப்படிப் பறக்குறோம்?” என்றாள் ரூபாவதி.

வீட்டில் இறங்கும்போது அவள் வளையல் ஒன்று கழன்று தரையில் உருண்டது. குளிரில் உலோகம் சுருங்கும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். வளையல் தளர்ந்தது எப்படி என்று தெரியவில்லை. நூல் சுற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அக்டோபர் 6

ஒரு வெற்றியை வெற்றி என்று எழுதுமுன் தனியாக ஒருமுறை சோதிப்பது சர்வே துறையின் வழக்கம். நிலம் அளக்கும் சங்கிலியை இரண்டாம் முறை பிடிக்காத சர்வேயரால்தான் இந்த மாவட்டத்தின் பாதி வழக்குகள் நடக்கின்றன. ஆனால் படுத்திருப்பவளைச் சோதனைக்கு அழைப்பது முறையில்லை. ஆகவே போஜனிடம் உருளைக்கிழங்கு வாங்கினேன். ஒரு மூட்டை நாற்பத்தைந்து கிலோ; மிச்சத்துக்கு ஒரு பை. அவனுடைய எலெக்ட்ரானிக் தராசில் ஐம்பத்தாறு காட்டும்வரை போட்டோம். பின்சீட்டில் கயிற்றால் கட்டினோம்.

“வீட்ல விசேஷமா சார்?” என்றான்.

“இது சமைக்க இல்ல. இது டீச்சர்.”

சிரிக்கவில்லை. மலைக்காரர்களுக்கு நகைச்சுவை குறைவு.

மூன்றாவது வளைவின் தொடக்கத்தில் வண்டி நின்றது. செப்டம்பர் மாதம் போலவே, அதே இடத்தில். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நின்றது.

அக்டோபர் 7

ஞாயிறன்று ரூபாவதியுடன் ஏறிய வண்டி, அதே எடை உருளைக்கிழங்குடன் ஏறவில்லை. யோசித்ததில் காரணம் புலப்பட்டது. பின்னால் உட்கார்ந்து பழகிய மனிதர், வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்வார். மேட்டில் முன்பக்கம் குனிவார். உருளைக்கிழங்குக்கு அந்த ஒத்துழைப்பு கிடையாது. இதை இரவு உணவின்போது ரூபாவதிக்கு விளக்கினேன். அவள் கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். கஞ்சி அப்படியே இருந்தது.

அக்டோபர் 8

மழை. டீச்சர் இருவரும் ஹாலில். ஒருவர் கட்டிலில், ஒருவர் சாக்கில்.

அக்டோபர் 9

“அம்பத்தாறுல ஏறலன்னா கொஞ்சம் கொறச்சுப் பாருங்களேன்” என்றாள், கட்டிலிலிருந்து.

“கொறச்சா அது சோதனையே இல்ல.”

“கொறச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.”

“உனக்கு இஞ்சினியரிங் புரியாது ரூபா.”

“எனக்குக் கழித்தல் நல்லாப் புரியும்ங்க. முப்பது வருஷம் அதத்தான் சொல்லிக் குடுத்தேன்.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 10

கயிறு நைந்துவிட்டதால் பையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. அவள் சொன்னதற்காக அல்ல. மூட்டையிலிருந்தும் கொஞ்சம் எடுத்தேன், சாக்கின் வாய் கட்ட வரவில்லை என்பதால். ஏறிப் பார்த்தேன். ஞாயிறன்று எப்படி ஏறியதோ அச்சு அசலாக அப்படியே, அதே சத்தத்துடன் ஏறியது. இறங்கிவந்து போஜன் தராசில் வைத்தேன். நாற்பது.

தராசு தவறு. வேறு விளக்கம் இல்லை. வீட்டிலிருந்து பிரிக்காத அரிசிப் பையைக் கொண்டுவந்து வைத்தேன். பையில் இருபத்தைந்து என்று போட்டிருந்தது. தராசும் இருபத்தைந்து என்றது. அரிசிக் கம்பெனியும் தவறாக இருக்கலாம்.

அக்டோபர் 12

பிரச்சினை தெளிவாகிவிட்டது. வண்டிக்குச் சக்தி போதாது. ரோலரும் ஸ்பிரிங்கும் மேல்பூச்சு. இஞ்சின் அதே எண்பத்தெட்டு சிசி. ஐம்பத்தாறு கிலோவைச் சுமக்கும் வண்டிதான் இந்த வீட்டுக்கு வேண்டும். ஏறாவிட்டால் எடையைக் குறைத்துக்கொண்டு ஏறிவிட்டதாக அறிவிப்பதற்கு நான் ஒன்றும் மாவட்ட நிர்வாகம் இல்லை.

அதே கம்பெனியின் பெரிய வண்டியின் சிலிண்டரும் பிஸ்டனும் இதில் அப்படியே உட்காரும் என்கிறான் மலப்புறத்தான். நூற்றுப்பத்து சிசி. ரொம்ப சிம்பிள்.

“அடுத்த ஊசிக்குள்ள முடிஞ்சிருமா?” என்றாள்.

“முடிஞ்சிரும்.”

“இப்பத்தான் ஏறுதேங்க. அப்படியே விட்டா என்ன?”

“ஏறுது. சரியான காரணத்தால ஏறல.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். வகுப்பில் விடை தெரிந்தும் சொல்லாத பையனைப் பார்க்கும் பார்வை.

அக்டோபர் 19

இஞ்சினைத் திறந்தாயிற்று. சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருக்கிறேன். பழைய பிஸ்டனைக் கழுவித் துடைத்து ரூபாவதியின் கையில் கொடுத்தேன். “இவ்வளவு சின்னதா? இதுவா என்னை இத்தனை வருஷம் இழுத்துச்சு?” என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னதுதான், கனமொன்றும் இல்லை.

அக்டோபர் 22

புதிய சிலிண்டர் அப்படியே உட்காரவில்லை. அரத்தால் தேய்த்தேன். உட்கார்ந்தது. அதற்கடியில் வைக்கும் காகிதப் பட்டை, கேஸ்கட் என்பது, அளவு வேறு. உக்கடத்துக் கடைக்காரரிடம் போனில் சொன்னேன். “நாளைக்கே பஸ்ல போட்டுடுறேன் சார்.”

அக்டோபர் 24

மேட்டுப்பாளையம் பாதையில் மண்சரிவு. பஸ் இல்லை. கேஸ்கட்டும் இல்லை.

அக்டோபர் 26

நாளை மறுநாள் ஊசி. தள்ளிப்போடலாமா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு பெண், “நோட் பண்ணிக்கறோம்” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 27

காலையில் அவள் உடம்பு அடுப்புபோல் கொதித்தது. ஊசி போடுபவர்களுக்கு ஜுரம் வந்தால் உடனே வர வேண்டும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். நல்ல மழை. வண்டி சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது.

மூன்றாவது வளைவுவரை குடையில்லாமல் ஓடினேன். போஜன் சாப்பிட்ட கையோடு வந்தான். “குன்னூர் வழியா இறங்கிடலாம் சார், அந்த ரோடு திறந்திருக்கு.” கட்டிலருகே வந்து, “டீச்சரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, கம்பளியோடு அவளைத் தூக்கினான். தூக்கியவன் ஒரு கணம் தடுமாறினான். கனமான ஒன்றைத் தூக்கப்போகிறோம் என்று நினைத்துக் கையை வீசுபவர்கள் அப்படித் தடுமாறுவார்கள். பிறகு படியில் இறங்கினான். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

பிக்கப்பில் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குன்னூர் தாண்டியது. போஜன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சார், ஒரு மூட்டைக்கே கொறச்சல் சார்.”

“நீ தினம் லோடு தூக்குறவன். உனக்கு அப்படித்தான் தெரியும்.”

“ஆமா சார்” என்றான். “அப்படித்தான் இருக்கும்.”

ஆஸ்பத்திரியில் எடை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கேண்டீனுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே எனக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. சட்டைப்பையில் கைவிட்டால் பத்து எண் ஸ்பேனர் இருந்தது.

நவம்பர் 4

ஜுரம் இறங்கிவிட்டது. டாக்டர் என்னைத் தனியே அழைத்து உட்காரச் சொன்னார். டாக்டர்கள் உட்காரச் சொல்லும்போது நாற்காலி எப்போதும் நன்றாக இருக்கிறது.

“இனிமே ஊசி வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன பிடிக்குதோ குடுங்க.”

எதுவும் பிடிக்காதவளுக்கு எழுதப்பட்ட மருந்துச்சீட்டு. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வார்டுக்குத் திரும்பியபோது ரூபாவதி என் முகத்தைப் பார்த்தாள். “வண்டி எந்த அளவுல நிக்குது?” என்றாள்.

“கேஸ்கட் வந்தாச்சாம். போஜன் உன்னைத் தூக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கான், அது ஒரு பிரச்சினையே இல்ல.”

“மறுபடியும் மூட்டையா எல்லாம் வீட்டுக்குப் போக மாட்டேன். எம் வண்டியில உக்காந்து போவேன். இல்லன்னா இங்கியே இருக்கேன்.”

திருப்பூரிலிருந்து அவள் தங்கை எஸ்தர் வந்திருக்கிறாள். “அத்தான், நான் பாத்துக்கறேன். நீங்க போய் அந்தக் கர்மத்த மாட்டிட்டு வாங்க” என்றாள். எஸ்தர் என்னைப் பற்றிச் சொல்வது எதையும் நான் மறுப்பதில்லை.

நவம்பர் 6

கேஸ்கட் பொருந்தியது. பிஸ்டன் வளையங்களில் ஒன்றை உடைத்தேன். செட்டில் உபரியாக ஒன்று இருந்தது. இட்லித் தட்டின் குழிகளில் அவள் வைத்தது வைத்தபடி திருகாணிகள் இருந்தன. ஒரே ஒரு குழியில் திருகாணிக்குப் பதில் நூல் சுற்றிய வளையல். மேஜையைத் துடைக்கும்போது கழற்றி வைத்திருப்பாள். அந்தக் குழியை அப்படியே விட்டேன்.

நவம்பர் 7

உதைத்து உதைத்துக் கால் வீங்கிய பிறகு இஞ்சின் பிடித்தது. பழைய கீச்சுக் குரல் போய்விட்டது. இது தொண்டை உள்ள வண்டி.

உருளைக்கிழங்கைப் பையோடும் மூட்டையோடும் மறுபடி ஐம்பத்தாறுக்கு நிறுத்துக் கட்டினேன். சில முளைவிட்டிருந்தன. மூன்றாவது வளைவை நிற்காமல் தாண்டியது. திரும்ப இறங்கி, வளைவின் நட்டநடுவில் நிறுத்தி, அங்கிருந்து கிளப்பினேன். ஏறியது. ஐம்பத்தாறு கிலோ. மழை தூறிக்கொண்டிருந்தது, பார்க்க யாரும் இல்லை. இப்போது சரியான காரணத்தால் ஏறுகிறது.

நவம்பர் 9

போஜன் பிக்கப்பில் மெயின் ரோடுவரை அழைத்து வந்தான். அங்கே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். அவளை நானும் எஸ்தரும் பின்சீட்டில் ஏற்றினோம். தன் சால்வையால் என் இடுப்பையும் தன்னையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். எஸ்தர் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு. வண்டிக்கு நாங்கள் இருப்பதே தெரியவில்லை.

“மூணாவதுல நிறுத்துங்க” என்றாள் காதருகில்.

“ஏறும் ரூபா. பயப்படாத.”

“ஏறும்னு தெரியும். எப்பவும் அங்கதானே எறங்குவேன். நிறுத்துங்க.”

நிறுத்தினேன். இரண்டு காலையும் ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பனிமூட்டம் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் தாடை என் முதுகில் இருந்தது.

“உருளைக்கெழங்கு எத்தனை கிலோல ஏறுச்சு?”

“அம்பத்தாறு.”

“ஏங்க, அது பொய்ங்க. நீங்க கேட்டப்பவே நாப்பத்தாறுதான். ஆஸ்பத்திரி சீட்டுலயே இருந்துச்சு. உங்க சட்டைப்பையிலதான் இருந்துச்சு.”

“லோடு அதிகமா வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்னு ஷெரீஃப் சொல்லியிருக்கான்.”

“ஷெரீஃபா சொன்னான்?”

“பொதுவா எல்லாருமே சொல்றதுதான்.”

அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, முதுகில் தெரிந்தது. “சரி” என்றாள். “போங்க.”

பிடியை விட்டு முறுக்கினேன். ஐம்பத்தாறுக்காகச் செய்த இஞ்சின் அது. துள்ளிப் பாய்ந்தது. கேட்டருகே வந்துதான் நின்றது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, “இந்த வேகம் அப்பவே இருந்திருந்தா ஒருநாளும் ப்ரேயருக்கு லேட்டா போயிருக்க மாட்டேன்” என்றாள். கேட் மூடியிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி வண்டியிலேயே இருந்தோம். பிறகு நான் சால்வையின் முடிச்சை அவிழ்த்தேன்.

நவம்பர் 15

இஞ்சின் ஆயில் மாற்றினேன். இன்று இரண்டு கரண்டி இளநீர்.

நவம்பர் 18

இஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்றாள். ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி ஓடவிட்டேன். “டக்டக்னு டேப்பட் சத்தம் வருதே” என்றாள். வந்தது. சரி செய்தேன்.

நவம்பர் 21

எழுத வேண்டியது ஒன்றுதான். அது ஊருக்கே தெரியும்.

நவம்பர் 22

பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். இரண்டு பேர் போதும் என்று யாரும் சொல்லவில்லை. நாகரிகமானவர்கள். எங்கள் பாதையில் பெட்டி இறங்கும்போது மூன்றாவது வளைவில் நிறுத்தித் தோள் மாற்றுவது வழக்கம். நிறுத்தினார்கள். போஜன் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிவரை அவனே வந்தான்.

டிசம்பர் 8

ஷெரீஃப் வண்டியை ஓட்டிப் பார்த்தான். தனியாளாக ஏறும்போது பின்சக்கரம் பாசியில் வெறுமனே சுற்றுகிறது, சறுக்குகிறது. நேற்று என்னைக் கீழே தள்ளியது.

“ஒரு ஆளுக்கு இது அதிகம் சார். பழைய ரோலர், பழைய சிலிண்டர் எல்லாம் இருக்குல்ல? மாத்திடலாம். ஒரு மணி நேர வேலை.”

“வேண்டாம்.”

“விழுந்துடுவீங்க சார். பின்னாடி வெயிட் இருந்தாத்தான் இது நிக்கும்.”

டிசம்பர் 10

உருளைக்கிழங்கின் முளைகளைக் கிள்ளி, அழுகியவற்றை எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கில் போட்டுப் போஜன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். தராசை ஆன் செய்தான்.

“எவ்வளவு சார் வைக்கணும்?”

“முப்பத்தெட்டு.”

நர்ஸ் சத்தமாகச் சொல்லும் வழக்கமுள்ளவர். கேண்டீன் அவ்வளவு தூரத்தில் இல்லை.

போஜன் கடைசிக் கிழங்கைப் போட்டு, எடுத்து, அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடிப் போட்டான். முப்பத்தெட்டு காட்டியது. சாக்கின் வாயைக் கட்டினான். இரண்டு கையாலும், மெதுவாகத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். நான் சால்வையால் கட்டினேன்.

மார்க்கெட்டுக்குப் போய் மண்ணெண்ணெய்த் திரியும் கால் கிலோ பீன்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வண்டி சறுக்கவில்லை. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது வளைவில் அது நிற்கவில்லை. நான் நிறுத்தினேன்.